உள்நாட்டுப் பொருட்களுக்கென்று ஒரு கடை

உள்நாட்டில் தயாரான பொருட்களை மட்டும் விற்கும் சின்னக் கடை ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். உரிமம், வரிப் பதிவு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் எந்தக் கடைக்கும் உள்ளவைதான், முடிந்துவிட்டன. அதிக நாள் பிடித்தது, ஒவ்வொரு பொருளும் உண்மையில் எங்கே உருவாகிறது என்று விசாரித்த வேலைதான்.

பார்கோடைப் பார்த்தாலே நாடு தெரிந்துவிடும் என்று பலர் சொன்னார்கள். தெரியாது. அதன் முதல் 3 இலக்கங்கள், பார்கோடு எண்களை வழங்கும் சர்வதேச அமைப்பான ஜிஎஸ்1-இன் எந்த நாட்டுக் கிளை அந்த எண்ணை வழங்கியது என்பதை மட்டுமே காட்டும். இந்தியாவுக்கு 890, இலங்கைக்கு 479. பொருள் வெளிநாட்டில் தயாராகி வந்திருந்தாலும் அதே எண் இருக்கலாம். 'இங்கே பேக் செய்யப்பட்டது' என்ற லேபிளும் அப்படித்தான், பேக்கிங்குக்கு முன்னால் நடந்த எதையும் அது சொல்லாது.

அதனால் தயாரிப்பவர்களிடமே கேட்டேன். ஒரு துணிப்பை என்றால் நூல், நெசவு, சாயம், தையல், ஜிப் என்று தனித்தனியாக. பையில் எல்லாம் இங்கேயே ஆகியிருக்கும், ஜிப் மட்டும் இறக்குமதி. அதை உள்நாட்டுப் பை என்று சொல்லலாமா? சுவிஸ் கடிகாரம் என்று போட்டுக்கொள்ள, 2017 முதல் தயாரிப்புச் செலவில் 60 சதவீதமாவது சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்காவிலோ, வேறு விளக்கம் சேர்க்காமல் உள்நாட்டுத் தயாரிப்பு என்று விளம்பரம் செய்ய ஏறக்குறைய முழுப் பொருளும் அங்கேயே ஆகியிருக்க வேண்டும். இதையெல்லாம் படித்தபின் என் கடைக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பொருளுக்கு உருவம் கொடுக்கும் வேலை இங்கே நடந்திருக்க வேண்டும், வெளியிலிருந்து வந்த பாகம் எதுவென்று விலை அட்டையிலேயே எழுத வேண்டும். கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவர்களின் சரக்கை எடுக்கவில்லை. வாடிக்கையாளர்கள் அந்த அட்டையை நின்று படிக்கும்போது, இவ்வளவு விசாரித்தது சரிதான் என்று தோன்றுகிறது.

அப்புறம் கொள்முதல். விற்ற பிறகு பணம் கொடுப்பது கடைக்காரருக்கு வசதிதான். ஆனால் சிறிய தயாரிப்பாளருக்கு மூலப்பொருள் வாங்கும் பணம் அதில் முடங்கிப்போகும். புதிதாக முயன்று பார்க்கும் பொருளுக்கு மட்டும் அந்த ஏற்பாடு, நன்றாகப் போகும் பொருளுக்குக் கையோடு பணம் கொடுத்துவிடுகிறேன். கையால் செய்பவர்களிடம் அவசர ஆர்டர் எடுபடாது. சரக்கு பாதி குறைந்ததுமே அடுத்ததைச் சொல்லிவிட வேண்டும்.