பாட்டு பிரமாதம், உபதேசம்?

போன வாரம் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிறிஸ்தவ கன்வென்ஷன் கூட்டம். பாட்டில் குறையே இல்லை. அப்புறம் பிரசங்கியார் ‘விதைக் காணிக்கை’யை ஆரம்பித்தார். இன்று ஆயிரம் போட்டால் கர்த்தர் பத்தாயிரமாகத் திருப்பித் தருவாராம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் சம்பா நடவுக்கு நகையை அடகு வைத்தவர்கள். எனக்கு முன்னால் இருந்த அக்கா சுருக்குப்பையை அவிழ்த்தார். “அது உரத்துக்கு வச்ச காசுக்கா” என்று பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்தும் கேட்கவில்லை.

வேதத்தில் 2 கொரிந்தியர் 9-ல் அப்போஸ்தலன் பவுல் விதைப்பைப் பற்றிப் பேசுவது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்குப் போனது, பிரசங்கியின் பைக்கு அல்ல. அதிகாரத்தை முழுசாக வாசித்தாலே தெரிந்துவிடும்.

தரங்கம்பாடி இங்கிருந்து எவ்வளவு தூரம்? 1706-ல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, லூத்தரின் ஞானோபதேசத்தை (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் சிறு நூல்) தமிழில் கொடுத்தார். 1715-க்குள் புதிய ஏற்பாடும் தமிழில் அச்சாகிவிட்டது. சனங்கள் தாங்களே வாசிக்கட்டும் என்றுதானே அவ்வளவு பாடு! பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் வேதத்தை வைத்துச் சோதித்தார்கள். நாம் யூடியூப் பிரசங்கியைக்கூடச் சோதிப்பதில்லை.

உபதேசம் பேசினால் சபை பிரியும், அன்பு போதும் என்கிறார்கள். அந்த அக்காவின் உரக் காசைக் காப்பாற்றாத அன்பு என்ன அன்போ!

சபைகுரு ஐயாவிடம் பேசிவிட்டேன். பொங்கல் கழித்து, திடப்படுத்தல் (தங்கள் விசுவாசத்தைத் தாங்களே சபைமுன் அறிக்கையிடும் ஆராதனை) எடுக்கும் பிள்ளைகளோடு பெரியவர்களுக்கும் ஞானோபதேச வகுப்பு. வருகிறவர்கள் சொல்லுங்கள்.