மூச்!

ஜூன் 24, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது, ஒரு வாரத்துக்கு மூச். கிசுகிசுக்கவும் கூடாதாம், அதுதான் தொண்டைக்கு இன்னும் கேடு என்கிறார் டாக்டர். பாப்பா தன் சிலேட்டைக் கொடுத்திருக்கிறாள். வாடகைக்கு. நாளுக்கு ஐந்து ரூபாய்.

ஜூன் 25, புதன்

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஏழு மணிக்குக் கை தானாகப் போய் ரேடியோவைத் திருகியது.

ஸ்டேஷனில் என் சீட்டில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு 23 வயது. பாட்டுக்கு நடுவில் பேசுகிற முதல் லிங்க்கிலேயே, பாண்டி நேரு வீதியில் ஒன்வே தெரியாமல் நுழைந்துவிட்டு போலீஸ்காரரிடமே வழி கேட்ட சென்னைக்காரர் கதை. நல்ல கதைதான். சொன்னான், முடித்தான், பாட்டைப் போட்டுவிட்டான். சிரிக்கவில்லை. ஒன்பது மணி வரை எண்ணினேன், ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

நானாக இருந்தால் அந்த இடத்தில் மூன்று வினாடி கெக்கெக்கே என்று சிரித்திருப்பேன். 16 வருஷமாக எனக்குச் சோறு போடுவது அந்தச் சிரிப்புதான். ராஜீவ் காந்தி சிக்னலில் ஆட்டோக்காரர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், சிரித்துக் காட்டுவார்கள்.

இஞ்சிச் சாறு வேண்டாம், மிளகு வேண்டாம், பனங்கற்கண்டும் வேண்டாம் என்று சிலேட்டில் எழுதினேன். வீட்டில் ஒன்றும் பதில் இல்லை. பனங்கற்கண்டு பால் வந்தது.

ஜூன் 26, வியாழன்

அந்தப் படம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் மூக்கு வழியாகக் கேமராவை விட்டு டி.வி.யில் காட்டினார்களே, அது. பச்சைத் தண்ணீரில் நனைத்த வெள்ளை ரிப்பன் மாதிரி இரண்டு பட்டை, இடது பக்கத்துப் பட்டையின் ஓரத்தில் அரைவேக்காட்டு ஜவ்வரிசி மாதிரி ஒன்று, நடுவில் மட்டும் வேகாத வெள்ளை. சாதாரணமாகப் பேசினாலே ஆண் குரலுக்கு அந்தப் பட்டைகள் வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் மோதிக்கொள்ளுமாம். "ரேடியோவுல சிரிப்பீங்களே, அத ஒரு தடவ செய்யுங்க சார்" என்றார் டாக்டர். ரசிகர் போல என்று நினைத்து, மூக்கில் குழாயோடு சிரித்தேன். ரிப்பன்கள் அறைந்துகொண்டன. "பாத்தீங்களா, இதுதான் வேல பாத்திருக்கு" என்று பேனாவால் தொட்டுக் காட்டினார்.

ரசிகர் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 28, சனி

கடலூர் ஓல்ட் டவுனிலிருந்து அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார், சொல்லாமல் கொள்ளாமல். அவருக்குக் காது கேட்காது, மெஷின் வைத்தால் விசில் அடிக்கிறது என்று சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வார். எனக்கு வாய் இல்லை. நான் சிலேட்டில் எழுத, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்கிறார். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், சண்டை என்று நினைத்திருப்பார்.

மத்தியானம் முழுக்க இலங்கை வானொலி. துறைமுகத்துப் பக்கம் எங்கள் வீட்டில் மர்பி பெட்டியை ஜன்னல் மேடையில் வைத்தால் மீடியம் வேவில் சென்னையைவிட இலங்கைதான் துல்லியமாக எடுக்கும். கே.எஸ். ராஜா வேகமாகப் பேசுவதை அப்பா பேசிக் காட்டினார். அப்துல் ஹமீதின் உச்சரிப்பைச் சொல்லும்போது தானாகவே 'ழ' சுத்தமாகிவிடுகிறது அவருக்கு.

அப்புறம் வழக்கமான இடத்துக்கு வந்தார். தென்கச்சி கோ. சுவாமிநாதன். வேலையில் சேர்ந்த அன்றே சொன்னதுதான். "அந்த மனுஷன் சிரிச்சு நீ கேட்டிருக்கியாடா? நாமதான் சிரிப்போம். நீ என்னடான்னா நீயே சொல்லி நீயே சிரிச்சுக்கற." திருநெல்வேலி வானொலியில் விவசாய நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தவர், சென்னைக்கு வந்து 'இன்று ஒரு தகவல்' சொல்லித் தமிழ்நாட்டையே காலையில் ரேடியோ பக்கத்தில் உட்காரவைத்தார். கல்யாண வீட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டு சொல்கிற மாதிரி, ஒரே சுருதியில். 2009 செப்டம்பரில் அவர் இறந்தபோது எனக்கு வேலையில் நாலு மாசம்கூட ஆகவில்லை. அப்பா போன் பண்ணி "போயிட்டார்டா" என்றார், யார் என்று சொல்லவில்லை. அன்றைக்கு நேரலையில் அவரைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் கடைசியில் சிரித்துவிட்டேன். அப்பா கேட்டிருப்பார். இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

ஜூன் 29, ஞாயிறு

சண்டே மார்க்கெட். காந்தி வீதியில் பழைய ஜீன்ஸ் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒருவர், "அண்ணே, ஒரு சிரிப்பு!" தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டி, கும்பிட்டேன். "டி.வி.யில வந்ததும் பேச மாட்டேங்கறாரு பாரு." நான் டி.வி.யில் வந்து பதினொரு வருஷம் ஆகிறது ஐயா.

ஜூன் 30, திங்கள்

அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

பாண்டியில் மைக் பிடிக்கிற எல்லோருக்கும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். மா.கா.பா. ஆனந்த் நம்ம ஊர்க்காரர், ரேடியோவிலிருந்து விஜய் டி.வி.க்குப் போனார். சிவகார்த்திகேயன் 'கலக்கப் போவது யாரு' மேடையிலிருந்து தொகுப்பாளராகி, 2012-இல் 'மெரினா'வில் நடித்து, சினிமாவுக்கே போய்விட்டார். "நீ எப்பப்பா?" என்று கல்யாணப் பந்தியில் கேட்காத சொந்தக்காரன் இல்லை.

2014-இல் எனக்கும் வந்தது. சென்னையில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி, ஒரே நாளில் மூன்று எபிசோடு, மூன்று சட்டை. முதல் நாள் போனதும் பயந்தே போனேன், மேடையில் ஒருவரும் இல்லை, எதிரே நூறு பேர் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆள் கூட்டி வருகிறவர் கையைத் தூக்கினால் சிரிப்பு, இறக்கினால் அமைதி. முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் வேண்டிய இடத்தில் ஒட்டுவார்களாம். முன்வரிசைப் பாட்டி ஒருவர் இடையில் வெற்றிலை மடித்தபடி, "தம்பி, ஜோக்கு எப்ப சொல்வாங்க?" என்றார். அன்றைக்கு நடந்ததில் உண்மையான ஜோக் அதுதான்.

என்னையும் தனியாக நிறுத்தி, "சார், உங்க சிரிப்பு ஒரு பத்து குடுங்க" என்றார்கள். கொடுத்தேன். சின்னது, பெரியது, மூச்சு வாங்குவது. பதிமூன்று வாரத்தில் நிகழ்ச்சியை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வருஷம் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதே சேனலில் வேறு எவனோ சொன்ன மொக்கை ஜோக்குக்குப் பின்னால் என் சிரிப்பு கேட்டது. மூச்சு வாங்குகிற அந்த ஏழாவது. வீட்டில் சொன்னால் நம்பவில்லை.

அங்கே ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பத்துச் சிரிப்பு இருக்கிறது. ஜவ்வரிசி வளர்வதற்கு முந்தையது.

ஜூலை 1, செவ்வாய்

நாளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம். முதல் வார்த்தை என்னவாக இருக்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது: "வாடகை எவ்வளவு ஆச்சு?" துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம். பாப்பா விரல் விட்டு எண்ணி, "முப்பத்தஞ்சு. இன்னிக்கும் வேணும்னா நாப்பது" என்றாள்.

பயிற்சி: ஸ்ட்ராவை டம்ளர் தண்ணீரில் விட்டுக் குமிழி ஊதியபடி "ஊ". ஒரு நாளைக்கு ஐந்து தடவை. சிரிப்பு? "அது இப்போதைக்கு வேண்டாமே" என்கிறார்கள். இப்போதைக்கு என்றால்?

ரிப்போர்ட் வெள்ளிக்கிழமையாம். பயப்பட ஒன்றும் இல்லை, எடுத்ததை எல்லோருக்குமே அனுப்புவதுதான் என்றார் நர்ஸ். இரண்டு தடவை சொன்னார்.

ஜூலை 2, புதன்

தூக்கம் இல்லை. தானே புயல்தான் ஞாபகம் வருகிறது. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் கரையைக் கடந்தது, அதற்கப்புறம் கடலூர் பக்கம் நாள் கணக்கில் கரன்ட் இல்லை. பேட்டரி ரேடியோ வைத்திருந்தவன் ராஜா. தனியார் பண்பலையில் சொந்தமாகச் செய்தி வாசிக்க எங்களுக்கு அனுமதி கிடையாது, அதனால் "தகவல்" என்று சொல்லிச் சொல்லி எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி, எங்கே மெழுகுவத்தி என்று படித்தேன். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் போன். பாட்டுக் கேட்கவில்லை. "தாத்தா வச்ச பலா தம்பி, இருபத்தெட்டும் சாஞ்சிடுச்சு" என்றார். நான் "உம்" என்றேன். அவர் சும்மா இருந்தார், நானும் சும்மா இருந்தேன். பத்து வினாடியாவது இருக்கும். ரேடியோவில் மூன்று வினாடி சத்தம் வராவிட்டாலே என்ஜினியர் ஓடி வருவார். அன்றைக்கு யாரும் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் சிரிக்கவே இல்லையே. ஒருத்தரும் ஸ்டேஷன் மாற்றவில்லையே.

சரி, அது புயல். தினமுமா புயல் அடிக்கும்.

ஜூலை 3, வியாழன்

ஆபீஸிலிருந்து போன். காலை நிகழ்ச்சியைத் தம்பியே தொடரட்டுமாம், நான் ராத்திரி பத்து மணிக்கு வரலாமாம். "மெதுவா பேசினா போதும் சார், பாட்டு நிறைய போட்டுக்கலாம்." மரியாதையாகத்தான் சொன்னார்கள். பத்து மணிக்குப் பல் தேய்த்துவிட்டுப் படுப்பவர்களுக்கு நான் என்ன சொல்வது?

சாயங்காலம் ஐந்து நிமிடத்தையும் அப்பாவிடம் செலவழித்தேன். நேரு வீதி ஒன்வே கதை, தம்பியுடையதுதான், திருடினேன். கன்னத்தைக் கடித்துக்கொண்டு சிரிக்காமல் சொன்னேன். பாதியிலேயே விழுந்து விழுந்து சிரித்தார், போலீஸ்காரர் இன்னும் வரவே இல்லை. காதைப் பார்த்தேன், மெஷின் பையில் இருக்கிறது. "எதுக்குச் சிரிச்சீங்க?" என்று சிலேட்டில் எழுதினேன்.

"மூஞ்சிடா" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

பதினொன்றரைக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். போனில் சொல்ல மாட்டார்களாம். பாப்பா சிலேட்டைத் திருப்பிக் கேட்டாள், இன்னும் ஒரு நாள் என்றேன்.