மார்க் போடாத டீச்சர்

நம் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்கு நீயும் ஏதாவது எழுது என்று செயலாளர் அண்ணன் கேட்டபோது, வேலந்தாவளம் பஸ்ஸையும் பள்ளியில் கஞ்சி காய்ச்சிய கஞ்சிப்புரையையும் பற்றி எழுதலாம் என்றிருந்தேன். அதற்குள் கணக்கு டீச்சர் காலமாகிவிட்டார். இப்போது வேறு எதைப் பற்றியும் எனக்கு எழுத வரவில்லை.

பெயர் எழுதவில்லை, நமக்குத் தேவையும் இல்லை. நம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கணக்கு டீச்சர் என்றால் அது ஒருவர்தான்.

நான் படித்தது எண்பதுகளில். உப்புமா போய்க் கஞ்சியும் பயறும் வந்த காலம். கேரளம் முழுக்க ஜூனில் மழையோடு பள்ளி திறக்கும். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் நமக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு திறக்கும். 1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கேரளப் பக்கம் நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் நாம். சந்தைக்குப் பொள்ளாச்சி, ஆபீஸ் காரியத்துக்குப் பாலக்காடு. கள் இறக்குகிறவர் மகனும், கடலைக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர் மகளும், அரிசி மில்காரர் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் இருந்தார்கள். ஒரு வகுப்பில் அறுபது பேர் வரை. அத்தனை பேரில் யாருக்கு என்ன புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது டீச்சருக்குத் தெரிந்திருந்தது. அது எப்படித் தெரிந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

நான் இப்போது லண்டனில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். 2003இல் இங்கே வந்து பயிற்சிக்குப் போனபோது முதல் வாரமே பால் பிளாக், டிலன் வில்லியம் என்ற இருவரின் பெயரைச் சொன்னார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள். தேர்வு என்பது பிள்ளையைத் தரம் பிரிக்க மட்டுமல்ல, அடுத்து என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்கும்தான் என்பதை நிறைய ஆய்வுகளைத் திரட்டி 1998இல் எழுதியவர்கள். பயிற்சியாளர் அதை விளக்க விளக்க எனக்கு நம் எட்டாம் வகுப்புதான் கண்ணில் நின்றது.

டீச்சரின் கால் தாள் பரீட்சை எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒரு முழுத்தாளை நாலாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு, அதில் மூன்று கணக்கு. மறுநாள் தாள் திரும்பி வரும். அதில் மார்க் இருக்காது, பெருக்கல் குறியும் இருக்காது. கணக்கு எந்த வரியில் வழி தவறியதோ அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி மட்டும் இருக்கும். “எங்கெ தப்புச்சுன்னு நீயே பாரு கண்ணு” என்பார். அடுத்த பத்து நிமிஷம் வகுப்பில் வேறு வேலை கிடையாது. பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கலாம், எழுந்து போய் அடுத்த பெஞ்சிலும் கேட்கலாம். திருத்திக் காட்டியதும் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்.

ஒரு தடவை 2/3ஐயும் 1/4ஐயும் கூட்டச் சொல்லியிருந்தார். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி நிறையப் பேர் 3/7 என்று எழுதியிருந்தோம். மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போகவில்லை. பழைய செய்தித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீளவாக்கில் மூன்றாக மடித்தார், குறுக்கே நாலாக மடித்தார், பிரித்துக் காட்டினார். பன்னிரண்டு கட்டம். மூன்றில் இரண்டு பங்குக்கு எட்டுக் கட்டங்களை அடுப்புக்கரியால் தேய்க்கச் சொன்னார். முழுத்தாளில் நாலில் ஒரு பங்குக்கு, மிச்சம் இருந்த கட்டங்களில் இன்னும் மூன்று. மொத்தம் பதினொன்று. பன்னிரண்டில் பதினொன்று என்று நாங்களே சொல்லிவிட்டோம். அப்புறம் கேட்டார்: “மூணுல ரெண்டுங்கறதே பாதிக்கு மேல. நீங்க சொன்ன ஏழுல மூணு பாதிக்கும் கீழ. கூட்டுனா எப்பிடிக் கொறையும்?” அந்த ஒரு கேள்வியை நான் இன்றைக்கும் என் வகுப்பில் கேட்கிறேன். ஒரு விடை நியாயமானதா என்று கணக்கைத் திரும்பப் போடாமலே பார்க்கலாம் என்று எனக்குத் தெரிந்த நாள் அது.

ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேல் பள்ளிகளில் செய்த ஆய்வு ஒன்று 1988இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு விடைத்தாளில் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு மார்க் மட்டும், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் கிடைத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். மார்க்கும் சேர்ந்து வந்தபோது குறிப்பின் பலன் போய்விட்டது. அந்த ஆய்வு வெளியாவதற்கு முன்பே டீச்சர் புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டார். அவர் அதை எங்கும் படித்திருக்க வழியில்லை. மார்க்கைப் பார்த்தால் நாங்கள் கணக்கைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம் என்பதைக் கவனித்திருந்தார். ஓணப் பரீட்சைக்கும் கிறிஸ்துமஸ் பரீட்சைக்கும் மார்க் போட்டே ஆக வேண்டும், போட்டார். அதைத் தாளின் பின்பக்கம் சிறிதாக எழுதுவார்.

பெருங்காய டப்பாவையும் சொல்லியாக வேண்டும். எல்லார் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து அதில் போட்டிருப்பார். கேள்வி கேட்பார், உடனே யாரையும் கூப்பிட மாட்டார். ஜன்னல் ஓரமாகக் கடைசி பெஞ்ச் வரை நடந்து திரும்பி வருவார். அதுவரை வகுப்பே யோசித்துக்கொண்டிருக்கும். பிறகுதான் டப்பாவைத் திறந்து சீட்டு எடுப்பார். முன் பெஞ்சில் கை தூக்குகிற நாலு பேர் மட்டும் பதில் சொல்கிற வகுப்பாக அது என்றைக்கும் இருந்ததில்லை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடி ஆக்கினாலே அதிகம் பேர் பேசுகிறார்கள், நீளமாகவும் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுபதுகளிலேயே கண்டுபிடித்தார். நம் டீச்சரின் நடை மூன்று விநாடிக்கு நிச்சயம் மேலே. நம் பெயர் எழுதிய சீட்டில் பெருங்காய வாசனை அடிக்கும்.

இனி என் நண்பனைப் பற்றி. உங்களில் பலருக்கு அவனைத் தெரியும், அவன் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. முகத்துக்கு வெகு அருகில் பிடித்தால்தான் எழுத்து தெரியும், கரும்பலகை தெரியவே தெரியாது.

வேறொரு பாடத்தில் வேறொருவர், யார் என்பது வேண்டாம், விடைத்தாளை மார்க் வரிசைப்படி கொடுப்பார். முதல் தாள் கைக்கு வரும். போகப் போக மேஜையில் விழும். கடைசி நாலைந்து தாளை நின்ற இடத்திலிருந்து வீசுவார். ஏழாம் வகுப்பு கிறிஸ்துமஸ் பரீட்சையில் கடைசித் தாள் என் நண்பனுடையது. பெயரைச் சொல்லி வீசினார். அது காற்றில் திரும்பி இரண்டு பெஞ்ச் தள்ளி விழுந்தது. எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. குனிந்து பெஞ்சுக்கு அடியில் தரையைக் கையால் துழாவினான். ஒரு பையனின் காலைப் பிடித்தான், ஒரு பையைப் பிடித்தான். வகுப்பில் சிரிப்பு கிளம்பியது. ஒரு பெண் எழுந்து தாளை எடுத்து அவன் கையில் கொடுக்கும் வரை அவன் தரையில்தான் இருந்தான். எழுந்தபோது அவன் வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்கப் புழுதி. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சட்டையை என்னால் மறக்க முடியவில்லை.

டீச்சர் காதுக்கு அது எப்படிப் போனது என்று தெரியாது. மறுநாள் அவனை வாகைமரத்தடிக்குக் கூப்பிட்டு, வினாத்தாளைக் கேள்வி கேள்வியாக வாசித்துப் பதிலை வாயால் சொல்லச் சொன்னார். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னான். வினாத்தாளின் பொடி எழுத்தை அவனால் வாசிக்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். அவனுக்குப் பாடம் தெரியுமா என்று அதுவரை யாரும் சோதிக்கவே இல்லை. அவன் கண்ணைத்தான் சோதித்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பு மாறியது. கரும்பலகையில் வெளிச்சம் பட்டுக் கூசுகிற பக்கத்து ஜன்னலைச் சாத்தவைத்தார். கோவைக்கொடி இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பலகைக்குப் பூசினோம். எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார்: “கோடு போடறேன், கோட்டுக்கு மேல ரெண்டு, கீழ மூணு.” வடிவியலுக்கு ஒரு பலகையில் ஆணி அடித்துச் சணல் கட்டி முக்கோணம் செய்தார். நண்பன் விரலால் தடவிக் கோணத்தைச் சொல்வான். கொஞ்ச நாளில் அந்தப் பலகைக்கு எல்லாரும் போட்டி போட ஆரம்பித்தோம். சணலை இழுத்து ஒரு கோணத்தைப் பெரிதாக்கினால் மற்ற இரண்டும் சேர்ந்து அந்த அளவுக்குக் குறைவது கையிலேயே தெரிந்தது.

கடலை பறிக்கிற காலத்தில் அம்மாவோடு காட்டுக்குப் போய் வாரக்கணக்கில் வராமல் இருந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களில் வாசிக்கத் திணறுகிறவர்கள் உண்டு. டீச்சர் வாய்விட்டுச் சொல்லி எழுதியது அவர்களுக்கும்தான் வழி காட்டியது. அவர்கள் திரும்பி வருகிற நாளில் ஏன் வரவில்லை என்று நிற்கவைத்துக் கேட்க மாட்டார். விட்டுப்போனதை எழுதி வைத்த நோட்டு ஒன்று தயாராக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு பிள்ளையையும் போடுவார். அப்படிச் சொல்லிக்கொடுத்துத்தான் எனக்கு தசமம் உறைத்தது.

1991 எஸ்.எஸ்.எல்.சி.க்கு நண்பன் சொல்லச் சொல்ல எழுத ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அனுமதி வாங்க டீச்சர் நடையாய் நடந்தார். 600க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. அவன் 300ஐத் தாண்டினான். அந்த ஏப்ரலில்தான் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1995இல்தான் வந்தது. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்தது. இங்கே என் பள்ளியில் பார்வை குறைந்த பிள்ளைக்குப் பெரிய எழுத்து வினாத்தாள் வருகிறது. தேவைப்படுகிறவர்களுக்கு 25 சதவீதம் கூடுதல் நேரம் உண்டு, வாசித்துக் காட்ட ஆள் உண்டு. அதற்கான படிவங்களை நிரப்பும்போதெல்லாம், படிவமே இல்லாத காலத்தில் இதையெல்லாம் செய்த ஒருவரை நினைத்துக்கொள்வேன்.

டீச்சர் ஓய்வு பெற இருந்த வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். கையில் பி.எட். இருந்தது, லண்டன் வேலைக்கான கடிதமும் இருந்தது. “தமிழ் மீடியத்துக்குக் கணக்குக்கு ஆள் கெடைக்கறதில்ல. நீ இங்கெயே இருந்துருவேன்னு நெனச்சேன்” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். தங்கையின் கல்யாணக் கடன் இருந்தது, போகத்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் இங்கே லண்டனில் ஒரு பிள்ளை பின்னத்தில் தடுமாறி நான் காகிதத்தை மடிக்கும்போது, இந்தக் காகிதம் நம் பள்ளிக்கூடத்தில் அல்லவா மடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று தோன்றும். நண்பன் ஊரிலேயே ஒரு தேங்காய் மண்டியில் கணக்குப் பார்க்கிறான், எல்லாம் மனக்கணக்கு. டீச்சருக்கு நடக்க முடியாமல் போன பிறகு ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவந்தவன் அவன்தான். கடைசி வரை கூட நின்றவனும் அவன்தான்.

இப்போது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். டீச்சர் நினைவாக எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் முதலிடம் பெறும் பிள்ளைக்கு வருஷந்தோறும் பரிசு கொடுக்கலாம் என்று குழுவில் பேச்சு நடக்கிறது. அன்பினால்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் அவர் பெயரில் அது வேண்டாம். 2005இலேயே கேரளம் எஸ்.எஸ்.எல்.சி.யில் ரேங்க்கை எடுத்துவிட்டு கிரேடு கொண்டுவந்தது. முழு ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைக்கு ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள், நம் பரிசு இல்லாமலே அந்தப் பிள்ளை நன்றாக இருக்கும். அறுபது பேரை ஒருநாளும் வரிசையில் நிறுத்தாதவர் பெயரில் நாம் வரிசை போடக் கூடாது.

அந்தப் பணத்தில் ஒவ்வொரு ஜூனிலும் பள்ளியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் செய்வோம். ஆறு மீட்டர் தூரத்தில் ஒரு எழுத்து அட்டை மாட்டினால் முதல்கட்டச் சோதனையை ஆசிரியர்களே செய்துவிடலாம். சோதனையில் சந்தேகம் வருகிற பிள்ளைகளை மருத்துவரிடம் அனுப்பலாம், கண்ணாடிச் செலவு நம்முடையது. அடுத்து, தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு வகுப்புத் தேர்வுத் தாள்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கலாம். மாலையில் ஒரு மணி நேரம், வராமல் விட்டுப்போன பாடத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தமிழ் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். ஊரில் பி.எட். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். நண்பன் தலைமையாசிரியரிடம் பேசிவிட்டான், அவருக்கும் சம்மதம். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்ற பட்டியலை இந்த வாரம் அனுப்புகிறேன் என்றிருக்கிறான். வந்ததும் குழுவில் போடுகிறேன். முதல் வருஷக் கண்ணாடிச் செலவு என் பொறுப்பு.