பயணக் காப்பீட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பது

பயணக் காப்பீட்டுப் பாலிசியின் முதல் பக்கத்திலுள்ள அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுப் பிரீமியம் கட்டுகிறவனாகத்தான் நானும் பல ஆண்டுகள் இருந்தேன். மருத்துவச் செலவுக்கு இவ்வளவு, பெட்டி தொலைந்தால் இவ்வளவு என்று தொகைகள் அங்கே பளிச்சென்று இருக்கும். அவை எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பது பின்பக்கங்களில், நிபந்தனைகள், விலக்குகள் என்ற தலைப்புகளின்கீழ்ப் பொடி எழுத்தில் இருக்கும்.

ஒருமுறை விமான நிலையத்தில் பெல்ட் நின்ற பிறகும் என் பெட்டி வரவில்லை. மறுநாள் மாலைதான் அது கைக்குக் கிடைத்தது. இடையில் வாங்கிய சட்டை, பற்பசை, சவர சாமான் ஆகியவற்றின் ரசீதுகளைச் சேர்த்துக் கிளெய்ம் அனுப்பினேன், நிராகரித்துவிட்டார்கள். நிலையத்தைவிட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனத்தின் கவுன்டரில் புகார் கொடுத்து, பெட்டி வராததைப் பதிவுசெய்யும் பி.ஐ.ஆர். எனப்படும் அறிக்கையை வாங்கியிருக்க வேண்டுமாம். நானோ விடுதிக்குப் போய்த் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். பாலிசியைத் திறந்து பார்த்தால் அந்த நிபந்தனை தெளிவாகவே இருந்தது, கோபப்படவும் வழியில்லை.

பெட்டி தாமதமாவதும் தொலைவதும் காப்பீட்டில் தனித்தனிப் பிரிவுகள். 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாட்களாகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொண்டு விமான நிறுவனத்திடம் இழப்பீடு கோரலாம். பெட்டி உடைந்து வந்திருந்தால் 7 நாட்களுக்குள் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். அங்கே கிடைக்கும் தொகையைப் பெரும்பாலும் கழித்துக்கொண்டுதான் காப்பீட்டு நிறுவனம் மீதியைத் தரும்.

இருந்தாலும், பெட்டிக்காக யாரும் காப்பீடு எடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கடன்காரராக்கிவிடக்கூடியது மருத்துவச் செலவுதான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள். அது விசா கிடைப்பதற்கான வரம்பே தவிர, தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள் படுக்க நேர்ந்தால் அது போதும் என்பதற்கு உத்தரவாதமல்ல. நோயாளியைத் தனி விமானத்தில் ஊருக்குக் கொண்டுவரும் செலவு மருத்துவத் தொகைக்குள் அடங்குகிறதா, தனியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பயணத்துக்கு முன்பே இருந்த நோய்க்கான சிகிச்சையைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. சில, உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும் ஏற்கின்றன.

பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்பிவிடும் என்பது பலரும் நம்பும் இன்னொன்று. பாலிசியில் பட்டியலிட்ட காரணங்களுக்கு மட்டுமே அது பொருந்தும்; மனம் மாறியது காரணமாகாது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய வான்வழியை முடக்கியது போன்ற ஒரு நிகழ்வு செய்தியில் வந்த பிறகு பாலிசி வாங்கினால், அந்த நிகழ்வால் வரும் இழப்புக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. வீட்டில் தீப்பிடித்த பிறகு தீ விபத்துக் காப்பீடு கேட்பது போலத்தான் அதுவும். மது அருந்திய நிலையில் நேரும் விபத்து, உரிமமின்றி வண்டி ஓட்டியது போன்றவையும் வழக்கமான விலக்குகளே.

தினமும் ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவன் நான். அது முன்பே இருந்த நோயாகக் கருதப்படுமா என்று சென்ற முறை பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்டேன். கருதப்படும் என்றும், கூடுதல் பிரீமியம் கட்டினால் சேர்த்துக்கொள்வோம் என்றும் பதில் வந்தது. கட்டினேன். அந்தப் பதிலை அச்செடுத்து, பாலிசியின் கடைசிப் பக்கத்தோடு பின் அடித்து வைத்திருக்கிறேன்.