ஆத்தாவுக்குத் துணையாகப் பட்டினி கிடந்த அப்பாயி

பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பது எல்லா ஊரிலும் உண்டு. சமயபுரத்தில் அம்மனே மக்களுக்காக விரதம் இருக்கிறாள். மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அம்மனுக்குப் பூவாகச் சொரியும் பூச்சொரிதலோடு தொடங்கி, பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளு மாவு, இளநீர், பானகம், நீர்மோர், நறுக்கிய பழம், அவ்வளவுதான். பச்சைப் பட்டினி என்பார்கள். உலகத்து உயிர்களுக்கு நோய்நொடி அண்டக் கூடாது என்று ஆத்தா கிடக்கும் பட்டினி.

எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர், அந்த 28 நாளும் அவளோடு சேர்ந்து பட்டினி கிடந்தவர். பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்துக்கு மருமகளாக வந்த வருஷம் தொடங்கியது, 91 வயதில் கண்மூடும் வரை தொடர்ந்தது. பிள்ளை பெற்ற வருஷங்களில் மட்டும் மாமியார் விடவில்லையாம். கடைசிக் காலத்தில் மாத்திரை போட வேண்டுமே என்று நாங்கள் கெஞ்சுவோம். மோரைக் குடித்துவிட்டு மாத்திரையை விழுங்குவார், சோறு மட்டும் தொடமாட்டார். “எதுக்கு அப்பாயி இப்படி?” என்றால் ஒரே பதில்தான். “ஆத்தா ஒத்தையா பட்டினி கெடப்பாளா? தொணைக்கு ஒரு ஆளு வேணாமா?”

அந்த மாசி, பங்குனியில் எங்கள் வீட்டில் துள்ளு மாவு வாசனைதான். பச்சரிசியை ஊறப்போட்டு, வெள்ளை வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்துவார். ஈரம் பாதி காய்ந்ததும் உரலில் இடி. மாவைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அப்புறம் நுணுக்கிய வெல்லமும் ஏலக்காயும். ஆத்தாவுக்கு முன்னால் நம் மூக்கு முகர்ந்துவிடக் கூடாது என்று, இடிக்கும்போது வாயையும் மூக்கையும் சேர்த்து முந்தானையால் கட்டிக்கொள்வார். கண் மட்டும் தெரியும். அந்தக் கண்ணிலேயே எங்களை அதட்டி விரட்டுவார்.

அவருடைய மூத்த பெண் குழந்தை பெரியம்மையில் போனது. இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975-ல். அதற்குப் பல வருஷம் முன்னால் நடந்தது இது. வேப்பிலையைப் பரப்பிப் படுக்க வைத்து, வீட்டில் தாளிக்காமல், யாரையும் உள்ளே விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரவே இல்லை. அடுத்த மாசியில் அவர் பட்டினி இருந்தாரா என்று வளர்ந்த பிறகு ஒருநாள் கேட்டேன். இருந்தேன் என்றார். கோபம் வரவில்லையா என்று கேட்டதற்கு வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அவளும் நமக்காகப் பட்டினி கெடந்துதான் பாத்தா சாமி. அவளால முடியல.”

சாமியால் முடியாத ஒன்றும் உண்டு என்று ஏற்றுக்கொண்ட பிறகும் அவளை விட்டுப் போகாத பக்தி அது. இத்தனை வருஷத்தில் நான் கேட்ட எந்தச் சொற்பொழிவும் எனக்கு இவ்வளவு சொல்லித்தரவில்லை.

போன மாசியில் எங்களுக்குத் தீட்டு. தலைத்திவசம் முடிந்து, இந்த வருஷம் பூச்சொரிதலுக்கு நானும் அத்தையும் போனோம். அப்பாயி தெம்பாக இருந்த காலத்தில் சிறுவாச்சூர், பாடாலூர், சிறுகனூர் என்று சாலையோரமாகவே நடந்து வருவார். அத்தைக்கு முழங்கால் வலி, அதனால் பஸ்ஸில்தான். ஜன்னல் வழியே பார்த்தால், மஞ்சள் புடவையில் சாரி சாரியாக நடந்து வருகிறார்கள். தலையில் பூத்தட்டு, இடுப்பில் வேப்பிலை.

கோயில் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஒரு தம்பதி கரும்பில் மஞ்சள் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, பிள்ளையை அதில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அத்தை முதலில் அழுதார். தன்னையும் அப்பாயி இப்படித்தான் தூக்கி வந்தாராம். மூத்தவளுக்குப் பிறகு பிறந்தவர் அத்தை.

உள்ளே ஐந்து தலை நாகம் குடைபிடிக்க, எட்டுக் கைகளோடு அமர்ந்திருக்கிறாள் மகமாயி. மூலவர் சுதைத் திருமேனி என்பதால் அபிஷேகம் உற்சவருக்குத்தான். எங்கள் தட்டிலிருந்த செவ்வந்தியும் மல்லிகையும் மற்றவர்கள் பூவோடு கலந்து போனது. ஒரு நிமிஷம்கூட நிற்க விடவில்லை, தள்ளிக்கொண்டே போனார்கள். எனக்கு எதுவும் வேண்டத் தோன்றவில்லை. ‘அப்பாயி வரலை, நாங்க வந்திருக்கோம் ஆத்தா’ என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன்.

அப்பாயியின் தகரப்பெட்டியில் மஞ்சள் துணியில் காசு முடிந்த சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தன. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால், காய்ச்சல் என்றால், பிரசவம் என்றால் உடனே ஒரு காசை முடிந்து வைப்பார். எது யாருக்கு முடிந்தது என்பது அவருக்கும் ஆத்தாவுக்கும்தான் தெரியும். அத்தை எதையும் அவிழ்க்கவில்லை. அப்படியே ஒவ்வொன்றாக உண்டியலில் போட்டார்.

வெளியே வந்ததும் அத்தை காப்புக் கட்டிக்கொண்டார். நானும் கையை நீட்டினேன். “உனக்குத் தாங்காதுடா, ஆபீஸ் போற ஆளு” என்றார். நான் கையை மடக்கவில்லை. சரி என்று கட்டிவிட்டார்.

மாவை மிக்சியில் அரைப்பதில்லை என்று முடிவு. உரல் ஊரில் கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. நாளைக்கே போய்க் கழுவி வைக்க வேண்டும்.