முந்திரி ஓட்டுக் கரியும் ஆறு கிலோ உப்பும்

போன வாரம் பண்ருட்டிலேர்ந்து அத்தை ஒரு சாக்கு முந்திரி ஓடு பஸ்ல போட்டு அனுப்பிச்சிருந்தாங்க, நான் பாண்டி பஸ் ஸ்டாண்டுல போய் எறக்கிட்டு வந்தேன். அத்தை முப்பது வருசமா கொட்டை ஒடைக்கிறாங்க. அந்த ஓட்டுல இருக்கிற எண்ணெய் பட்டா தோல் வெந்துடும், அதனால கையில சாம்பல தேய்ச்சிக்கிட்டுதான் உக்காருவாங்க, அப்டியும் வெரல் நுனியெல்லாம் கருத்து உரிஞ்சி ரேகையே இருக்காது. ஆதார் கார்டுக்கு ரேகை வைக்கப் போய் மெஷின் எடுக்கவே இல்ல. "ஏன்டிம்மா, எரிக்கிற ஓட்ட வச்சி என்னாத்தடி கரண்டு எடுக்கப் போற?"ன்னு ஃபோன்ல கேட்டாங்க. அந்த ஓட்ட கரியாக்கி, கரண்ட சேத்து வைக்கிற சூப்பர் கெப்பாசிட்டர் செய்ற ஆராய்ச்சிலதான் நான் இருக்கேன், அவங்களுக்கு சொன்னதத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன்.

வீட்டு ஃபேன் மெதுவா சுத்துனா எலக்ட்ரீஷியன் வந்து கண்டன்சர மாத்துவாரே, கெப்பாசிட்டர்ங்கிறதும் அதான், அது பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் (ஃபாரட்ங்கிறது எவ்ளோ சார்ஜ் புடிக்கும்ங்கிறதுக்கு அளவு). எங்க லேப்ல பெரிய டார்ச் லைட் சைசுல ஒரு சூப்பர் கெப்பாசிட்டர் இருக்கு, அரை கிலோ வெயிட், 3000 ஃபாரட், அதாவது ஃபேன் கண்டன்சர மாதிரி 120 கோடி மடங்கு. உள்ள பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல, கரி பூசுன ரெண்டு தகடு, நடுவுல ஒரு திரவம், அவ்ளோதான். கரில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்குல இருக்கு, ஒரு கிராம் நல்ல கரிய பிரிச்சி விரிச்சா 2000 சதுர மீட்டர் வரும், நம்ம கணக்குல அரை ஏக்கர், அம்பது சென்ட் நிலம்! சார்ஜ் ஏத்தும்போது திரவத்துல இருக்கிற அயனிங்க, அதாவது சார்ஜ் உள்ள துகளுங்க, அந்த நிலம் முழுக்க போய் ஒட்டிக்குது, எறக்கும்போது விட்டு வந்துடுது. ரசாயன வினைன்னு எதுவும் நடக்காததால லட்சக்கணக்கான தடவ ஏத்தி எறக்கலாம், நொடிகள்ல ஏறிடும். இப்ப கடையில விக்கிறதுல பெரும்பாலும் தேங்கா ஓட்டுக் கரிதான், நான் முந்திரி ஓட்ட புடிச்சிக்கிட்டேன்.

ஆனா அந்த அரை கிலோ டப்பாவுல நிக்கிறது மொத்தமே 3 வாட் ஹவர்தான். நம்ம கைல இருக்கிற 5000 எம்ஏஹெச் ஃபோன் பேட்டரி 19 வாட் ஹவர். இந்த எடவெளிய எப்டி கொறைக்கிறதுன்னுதான் உலகம் பூரா மண்டைய ஒடைச்சிக்கிறாங்க.

நானும் மொத ரெண்டு வருசம் கரிப் பவுடர் பின்னாடியேதான் ஓடுனேன். ஓட்டுல எண்ணெய எடுத்துட்டு, சுட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடோட சேத்து நைட்ரஜன் ஓட்டத்துல 800 டிகிரில வச்சா அது கரிய அரிச்சி அரிச்சி ஓட்டை போடும். அப்புறம் அமிலம் ஊத்தி, தண்ணி ஊத்தி, பிஹெச் பேப்பர் நிறம் சரியா வர்ற வரைக்கும் கழுவணும், ஒரு சாயங்காலமே போயிடும். அந்தக் கரியோட கோபால்ட் ஆக்சைடு கலந்து நிக்கல் ஃபோம் (ஸ்பாஞ்சு மாதிரி ஓட்ட ஓட்டையா இருக்கிற நிக்கல்) துண்டு மேல தடவி, காரத் திரவத்துல முக்கி டெஸ்ட் பண்ணேன், கிராமுக்கு இவ்ளோ ஃபாரட்டான்னு நம்பவே முடியாத நம்பர் வந்துச்சு, அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. மறுநாள் எங்க சீனியர் அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "வெறும் ஃபோம போட்டு பாத்தியாம்மா?" பாத்தேன். ஒண்ணுமே தடவாத ஃபோமே பெரிய கிராஃப் போட்டுது. காரத்துல நிக்கல் மேல தானா உண்டாகுற ஹைட்ராக்சைடு படலம் பேட்டரி மாதிரி வினை செய்யுது, அந்த சார்ஜையும் சேத்து நான் தடவுன ஒத்த மில்லிகிராம் பவுடரால வகுத்திருக்கேன். ஃபோமோட பங்க கழிச்சா மூணுல ஒரு பங்குகூட தேறல. புதுசா இதுல வர்ற பசங்களுக்கு கெஞ்சிக் கேக்குறேன், மொதல்ல வெறும் ஃபோம டெஸ்ட் பண்ணுங்க, நம்பர ரெண்டு எலக்ட்ரோடு வச்ச முழு செல்லுல எடுங்க.

அதுக்கப்புறம்தான் திரவத்த, அதாவது எலக்ட்ரோலைட்ட ஒழுங்கா பாக்க ஆரம்பிச்சேன். சேமிக்கிற சக்தி அரை சிவி ஸ்கொயர் (சி-ன்னா ஃபாரட் கணக்கு, வி-ன்னா வோல்டேஜ்), பன்னெண்டாங்கிளாஸ்ல படிச்சதுதான். பவுடர பாடுபட்டு ரெண்டு மடங்கு நல்லதாக்குனா சக்தியும் ரெண்டு மடங்கு, ஆனா வோல்டேஜ 1லேர்ந்து 2.7 ஆக்குனா ஏழு மடங்குக்கு மேல! வோல்டேஜ தீர்மானிக்கிறது பெரும்பாலும் திரவம்தான். தண்ணிக்கு கணக்குப்படி 1.23 வோல்ட்டுதான் தாங்கும், அதுக்கு மேல ஹைட்ரஜன் ஆக்சிஜன்னு பிரிஞ்சிடும். அதனால கம்பெனிங்க அசிட்டோநைட்ரைல் மாதிரி கரைப்பான் போட்டு 2.7 வோல்ட் எடுக்குறாங்க, ஆனா அது தீப்புடிக்கும், நச்சு வேற. அயனி திரவம்னு இன்னொரு வகை 3.5 வோல்ட் வரைக்கும் தாங்கும், தீப்புடிக்கிற பயமும் கம்மி, ஆனா வெளக்கெண்ண மாதிரி கெட்டி, குளிர்ல அயனி நகரவே நகராது, வெலையும் ஜாஸ்தி.

எனக்கு ரொம்ப புடிச்சது 2015ல வந்த ஒரு யோசன. தண்ணில உப்ப கரைக்கிறதுக்கு பதிலா உப்புல தண்ணிய ஒளிச்சி வச்சா என்ன? மரக்காணம் உப்பளத்த பஸ்ல போகும்போது பாத்திருப்பீங்க, சாதா உப்பு ஒரு லிட்டர் தண்ணில ஏறக்கொறைய 360 கிராம் கரையும், அதுக்கு மேல படிஞ்சிடும். அந்த ஆராய்ச்சிக்காரங்க எடுத்த லித்தியம் உப்ப ஒரு கிலோ தண்ணில ஆறு கிலோ கரைச்சாங்க. அவ்ளோ உப்பு இருந்தா ஒவ்வொரு தண்ணி மூலக்கூறும் ஒரு லித்தியத்த புடிச்சிக்கிட்டு நிக்கும், சும்மா சுத்துற தண்ணியே இருக்காது, அதனால லேசுல ஒடையாது. 3 வோல்ட் வரைக்கும் தாங்குது, தண்ணி, தீப்புடிக்காது! அந்த உப்பு யான வெல, அதனால சோடியம் பெர்குளோரேட்ட ஒரு கிலோ தண்ணிக்கு 17 மோல் கரைச்சி அதே வழிய கெப்பாசிட்டர்ல பாத்திருக்காங்க. நானும் இப்ப சோடியம் பக்கம்தான் நிக்கிறேன்.

பவுடரும் திரவமும் தனித்தனி கத இல்லன்னு 2006லயே காட்டிட்டாங்க, கோகோட்ஸி, சிமோன்ங்கிற விஞ்ஞானிங்களோட குழு. ஒரு நானோமீட்டருக்கும் சின்ன ஓட்டைல அயனி போகாதுன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க, பாத்தா அங்கதான் சார்ஜ் ஜாஸ்தி நிக்குது. குடை புடிச்சிட்டு வர்றவன் சந்துல நுழையணும்னா குடைய மடக்குவான் இல்ல, அந்த மாதிரி அயனியும் தன்ன சுத்தி இருக்கிற கரைப்பான உதறிட்டு உள்ள போவுது. எந்தத் திரவமோ அதோட அயனிக்குத் தக்க ஓட்டைதான் வேணும், மொத்த பரப்பு எவ்ளோங்கிறது அப்புறம்தான். 2011ல வந்த எம்எக்ஸீனும் இருக்கு, உலோகம் மாதிரி கரண்ட் கடத்துற மெல்லிசு தகடு, நல்ல சரக்குதான், ஆனா தயாரிக்க பெரும்பாலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேணுங்கிறதால எங்க லேப் பக்கம் கொண்டு வரல.

தானே புயல் அடிச்ச 2011 டிசம்பர்ல எங்க ஊர்ல முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சி கெடந்துது, நாள்கணக்கா கரண்ட் இல்ல, அத்தை வீட்டுல மண்ணெண்ண வெளக்குலதான் படிச்சேன். 2024 நவம்பர் ஃபெஞ்சல் அப்போ பாண்டில எங்க தெருவுல இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் ஒண்ணொண்ணா செத்துச்சு. இந்த மாதிரி நேரத்துக்கு சூப்பர் கெப்பாசிட்டர் மட்டும் போதுமான்னு கேட்டா போதாது, சார்ஜ் ஏத்தி சும்மா வச்சாலே நாளாக நாளாக தானா எறங்கிடும். ஆனா பேட்டரிக்கு பக்கத்துல உக்காந்து, மோட்டார் கெளம்புற அந்த ஒரு நொடி இழுப்ப இது தாங்கிக்கிட்டா பேட்டரி ஆயுசு கூடும். ஷாங்காய்ல 2006லேர்ந்து வழில ஸ்டாப்புங்கள்ல நின்னு சார்ஜ் ஏத்திக்கிற பஸ்ஸே இதுல ஓடியிருக்கு.

இப்ப லேப்ல ஒரு செல்லு ஓடிட்டு இருக்கு, அத்தை ஓட்டுக் கரி ரெண்டு பக்கமும், நடுவுல சோடியம் பெர்குளோரேட். 10,000 தடவ ஏத்தி எறக்கணும், நேத்து சாயங்காலம் வரைக்கும் 3,412 ஆகியிருந்துது. வெறும் ஃபோம போட்ட இன்னொரு செல்லும் பக்கத்துலயே ஓடுது.