பாதுகாப்பு உத்தரவை மீறினால்

வியாசர்பாடியோ காசிமேடோ, குடும்ப வன்முறையைத் தடுக்க நீதிமன்றம் தரும் பாதுகாப்பு உத்தரவை வாங்கியதும் பலர் செய்யும் தப்பு, அதைப் பீரோவில் பூட்டுவது. நகல் இலவசம்; ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு கைப்பையிலேயே வையுங்கள்.

2005 குடும்ப வன்முறைச் சட்டம், பிரிவு 31: உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைக்கால உத்தரவுக்கும் இதே தண்டனைதான். ஜாமீனில் எளிதில் வெளிவர முடியாத குற்றம். பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் மட்டுமே போதுமென்று நீதிமன்றம் முடிவெடுக்கலாம்.

ஆனால் ஸ்டேஷனில், புகார் வந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்து, "பேசித் தீர்த்துக்கோம்மா" என்பார்கள். வழக்குப் பதிந்து எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) கேளுங்கள். உத்தரவில் எந்த வரியை மீறினார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். "தொல்லை தருகிறார்" என்று மொட்டையாக எழுதினால் நிற்காது. தொடர்பு கொள்ளக் கூடாதென்று உத்தரவு இருந்தால், ராத்திரி 11 மணிக்கு வந்த வாட்ஸ்அப் மெசேஜும் மீறல்தான். கோபத்தில் அழித்துவிடாதீர்கள். உத்தரவின் நகலோடு, கையெழுத்திட்ட புகாரை, இந்தச் சட்டப்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்கும் கொடுக்கலாம்.